ராஜாத்தலை

காதர் மைதீன் தன் தங்கை வீட்டு வாசலை மிதித்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. இன்றைக்கு வந்தவர் சும்மா வரவில்லை. கையில் பாம்பனிலிருந்து வாங்கிய விளமீன், முகம் நிறையச் சிரிப்பு. மீன் நல்ல மீன்தான், செவுள் சிவப்பாகவே இருந்தது. சிரிப்பின் செவுளைத்தான் தூக்கிப் பார்க்க வேண்டியிருந்தது.

ஹுமைரா புதுமடத்தில் வாடகை வீட்டில் இருந்தாள். முன்னறையில் தையல் மெஷின், பின்னறையில் அவளும் மகள் அம்ரீனும். அண்ணனைக் கண்டதும் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, “வாங்க காக்கா” என்றாள். வாசலுக்கு வந்தவரை வாங்க என்று சொல்லாமல் இருக்க அவளுடைய உம்மா அவளை வளர்க்கவில்லை. மனதுக்குள் மட்டும், ஆடு நனைகிறதே என்று ஓநாய் வந்திருக்கிறது, எந்த ஆடு என்று பார்ப்போம் என நினைத்துக்கொண்டாள்.

டீ பாதி குடிப்பதற்குள் ஆடு எதுவென்று தெரிந்துவிட்டது.

“உம்மா பெட்டிக்குள்ள ராஜாத்தலை ஒண்ணு கெடந்துச்சே, அது ஒன்கிட்டதான இருக்கு?”

“இருக்கு.”

“பழைய பித்தளைதான். பத்துக் காசு பெறாது. ஆனா பூட்டனார் ஞாபகம் பாரு, என் வீட்டுல கெடந்தா நாலு பேரு வந்து பார்ப்பாக. ஒனக்கு எதுக்கு அது?”

‘என் வீடு’ என்று சொன்னார். நாக்குக் கூசவில்லை.  “யோசிச்சுச் சொல்றேன் காக்கா” என்று ஹுமைரா அவரை அனுப்பிவிட்டு, அந்த மீனைக் கொல்லையில் பூனைக்குப் போட்டாள். பூனைக்கு அன்று பெருநாள்.

ராஜாத்தலை என்று அந்த வீட்டில் எல்லோரும் சொன்னது ஒரு பதக்கத்தை. முதல் உலகப் போரின்போது உம்மாவின் உம்மாவைப் பெற்றவர், சீனி முகம்மது, இங்கிலீஷ்காரன் கப்பலில் கரி தள்ளப் போனார். கப்பலின் அடிவயிற்றில் நின்று உலைக்கு நிலக்கரி அள்ளிப் போடுகிற வேலை. தண்ணீருக்கடியில் வந்த ஜெர்மன்காரன் கப்பலை உடைத்தான். இவர் ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு மிதந்து கரை சேர்ந்தார். ஊர் திரும்பியபோது மார்பு முழுக்கக் கரி. இருமினால் கறுப்பாக வரும். பெற்ற பிள்ளை நடை பழகுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அவர் போனபிறகு தபாலில் பதக்கங்கள் வந்தன. ஒன்று வெள்ளி, ஒன்று வெண்கலம். வெள்ளியைத் தட்டான் அந்தப் பிள்ளைக்குத் தண்டை அடித்துக் கொடுத்தான். அந்தத் தண்டை ஒரு பஞ்சத்தில் அரிசியாகிப் போனது. வெண்கலத்தை எந்தத் தட்டானும் சீண்டவில்லை, அதனால் பிழைத்துக் கிடந்தது. பழுத்த பேரீச்சம்பழ நிறத்தில், உள்ளங்கையில் அடங்குகிற வட்டம். ஒரு பக்கம் தாடி வைத்த ராஜாவின் தலை. மறுபக்கம் அலையைப் பிளந்துகொண்டு போகிற புகைக்கப்பல். விளிம்பைச் சுற்றி இங்கிலீஷில் சீனி முகம்மதின் பெயர். தொங்கவிட ஒரு நாடா, சிவப்பும் பச்சையுமாக, நடுவில் கொஞ்சம் வெள்ளை. இரவில் போகிற கப்பலுக்கு இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை விளக்கு, கொடிமரத்தில் வெள்ளை. கடலோரத்துப் பிள்ளைகளுக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. உயிரோடு இருந்த மனுஷனுக்குக் கூலியை இழுத்தடித்துக் கொடுத்துவிட்டு, செத்த பிறகு தன் மூஞ்சியை அச்சடித்து அனுப்பி வைத்தாராம் ராஜா. உம்மா அதைப் பெட்டியிலிருந்து எடுக்கும்போதெல்லாம் ராஜாவைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுக் கப்பலைத்தான் பார்ப்பாள்.

பதக்கமும் வீடும் அந்தக் குடும்பத்தில் பெண் வழியாகவே வந்தன. அந்தக் கரையில் வீடு பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வந்து இருப்பான். ஹுமைராவின் புருஷன் நவ்ஷாதும் அப்படித்தான் வந்தான். வந்த மறுவாரமே ஹாலில் ஓர் ஆணியடித்துத் தங்கள் கல்யாணப் படத்தை மாட்டினான். ஆணி கொஞ்சம் கோணல். “நானும் கோணல்தான், ஒனக்குப் பழகிரும்” என்று சிரித்தான். பிறகு சவூதிக்குப் போனான். ஒரு நாள் அவன் வேலை பார்த்த கட்டடத்தில் சாரம் சரிந்தது. அவன் வரவில்லை, செய்திதான் வந்தது.

ஹுமைரா இத்தாவில் உட்கார்ந்தாள். நாலு மாசமும் பத்து நாளும் வெளியே போகக்கூடாது, அந்நிய ஆணைப் பார்க்கக்கூடாது. கூடப்பிறந்த அண்ணன் மட்டும் வரலாம். வந்தார் காதர் மைதீன். “சவூதிக் கம்பெனில இருந்து காசு வாங்கணும், ஒரு பவர் எழுதிக் குடு” என்றார். பத்திரம் எழுதுகிறவர்களை வீட்டுக்கே அழைத்து வந்தார். திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, அழுது வீங்கிய கண்ணோடு, அண்ணன் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் எல்லாம் அவள் கையெழுத்துப் போட்டாள். இத்தா முடிந்து வெளியே வந்தபோது வீடு மதினி உம்மு ஹபீபாவின் பெயரில் இருந்தது.

அதைக்கூட ஒரு நாள் மறந்திருப்பாள். மறக்க முடியாதது இன்னொன்று. இத்தாவில் இருந்தபோதே நவ்ஷாதுக்காக ஹாலில் ஃபாத்திஹா ஓத ஊர்ப் பெரியவர்கள் கூடியிருந்தார்கள். அவர்கள் எல்லோரும் பார்க்க, அண்ணன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, அந்தக் கல்யாணப் படத்தைக் கழற்றினார். “உருவம் மாட்டியிருக்கிற வீட்டுக்கு மலக்குமார் வர மாட்டாக. என் தங்கச்சி வீடா இருந்தாலும் மார்க்கம் மார்க்கந்தான்” என்று பள்ளிவாசல் ஹஸ்ரத்தைப் பார்த்து, வானவர்களுக்கே வழிவிடுகிறவர் மாதிரி உரக்கச் சொன்னார். கீழே வைத்த வேகத்தில் கண்ணாடி உடைந்தது. திரைக்குப் பின்னால் இருந்தவளுக்குச் சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தத்தை ஒன்பது வருஷமாக அவள் பத்திரமாக வைத்திருந்தாள்.

இப்போது அம்ரீனுக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் பெண்ணைப் பார்க்கிறார்கள், பிடித்திருக்கிறது என்கிறார்கள், பிறகு மெல்ல, “வீடு?” என்கிறார்கள். வாடகை வீடு என்றதும் டீயை வைத்துவிட்டு எழுந்து போகிறார்கள். ஒவ்வொரு முறையும் ஹுமைரா கழுவி வைக்கிற டீ கிளாஸில் அண்ணன் முகம் தெரிந்தது.

மீன் வந்த வாரமே உச்சிப்புளியில் ஒரு கல்யாணம். பக்கத்து வீட்டு ஃபஸீலா போய்விட்டு வந்தவள், புர்காவைக்கூடக் கழற்றாமல் ஹுமைரா வீட்டுக்கு ஓடி வந்தாள். ஒரே சஹனில், அந்தப் பெரிய தட்டில், நாலு பேராகச் சாப்பிட உட்காரும்போது அவளுக்கு எதிரே உம்மு ஹபீபா உட்கார்ந்திருக்கிறாள். கறிச்சோறு உள்ளே போகப் போக ரகசியம் வெளியே வந்திருக்கிறது.

“ஏ ஹுமைரா, ஒன் ராஜாத்தலைக்கு வந்த வாழ்வைக் கேட்டியா? அந்தக் கப்பல்ல வேலை பார்த்தவுக பதக்கத்தையெல்லாம் லண்டன்ல ஒரு கோடீஸ்வரன் தேடித்தேடிச் சேர்த்து வச்சிருக்கானாம். இது ஒண்ணுதான் பாக்கியாம். என்ன வெலையும் தருவானாம். ஒங்க மதினி மாடி கட்டக் கொத்தனாரையே பார்த்தாச்சு!”

“பத்துக் காசு பெறாதுன்னாரே காக்கா.”

“சொல்வாரு, சொல்வாரு. இதைக் கேளு. அதைக் கழுவக்கூடாதாம், தொடைக்கக்கூடாதாம், அழுக்கோடதான் வெலையாம். எல்லாத்துக்கும் மேல, ராஜா மூஞ்சி மழுங்காம இருக்கணுமாம். மூஞ்சி போச்சுன்னா மதிப்பே போச்சாம். மெட்ராஸ்ல இருந்து ஏஜெண்டு ஒருத்தன் பார்க்க வாரானாம்.”

ஃபஸீலா போனபிறகு ஹுமைரா பெட்டியைத் திறந்து பதக்கத்தை எடுத்தாள். முதன்முறையாகக் கப்பலைக் கவிழ்த்துப் போட்டு ராஜாவைப் பார்த்தாள். தாடி, மீசை, கூரான மூக்கு. ஒரு மயிர்கூட மழுங்கவில்லை. அம்ரீன், “பேசாம நாமளே அந்த ஏஜெண்டுக்கு வித்துருவோம்மா. ஒரு சின்ன வீடாச்சும் வாங்கலாம்” என்றாள்.

“விக்கலாம். ஆனா அப்பறம் ஒன் மாமா அந்த வீட்டு ஹால்ல கால் மேல கால் போட்டு உட்கார்ந்துதானே இருப்பாரு?”

அம்ரீன் உம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, அடுப்படிக்கு எழுந்து போனாள்.

மறுநாள் ஹுமைரா அண்ணனுக்குப் போன் செய்தாள். குரலில் தேனைத் தடவிக்கொண்டாள். “காக்கா, ராஜாத்தலைய நானே கொண்டாந்து தாரேன். ஒரே ஒரு ஆசை. பூட்டனாருக்கு ஃபாத்திஹா ஓதி, ஹஸ்ரத்து, ஜமாஅத்துப் பெரியவுக எல்லாரு முன்னாடியும் ஒங்க கையில குடுக்கணும்.”

காதர் மைதீனுக்குத் தலைகால் புரியவில்லை. ஜமாஅத்துத் தேர்தலில் தலைவர் பதவிக்கு நின்றுகொண்டிருந்தார். தங்கச்சியை ஏமாற்றியவர் என்று ஊரில் ஒரு முணுமுணுப்பு இருந்தது. அந்தத் தங்கச்சியே வந்து சபையில் கையில் கொடுத்தால் பெயரும் கழுவப்படும், பதக்கமும் கழுவப்படாமல் கிடைக்கும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். “வெள்ளிக்கெழம ஜும்மா முடிஞ்சு வா தாயி” என்றார். தாயி என்று அவர் கூப்பிட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. சென்னை ஏஜெண்டையும் அன்றைக்கே வரச் சொல்லிவிட்டார். ஆசை அண்ணாந்து பார்த்தே நடக்கும், காலடியைப் பார்க்காது.

வெள்ளிக்கிழமை ஹுமைரா அந்த வீட்டுக்குள் நுழைந்தாள். தரையில் வழுக்குகிற டைல்ஸ், சுவரில் ரோஸ் பெயிண்ட். ஹாலில் ஹஸ்ரத்தும் பெரியவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் கண் நேராகப் பழைய இடத்துக்குப் போனது. அதே கோணல் ஆணி. அதில் ஒரு பெரிய படம். காதர் மைதீன் பொன்னாடை போர்த்திக்கொண்டு யாரிடமோ கேடயம் வாங்குகிற படம். கண்ணாடிச் சட்டம் போட்டு, துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள். ஹுமைராவுக்குச் சிரிப்பு வந்தது. அல்லாஹ் இவ்வளவு பெரிய உதவி செய்வான் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

“ஏஜெண்டு வாற வழில நிக்கிறாராம். பாலத்துக்கிட்ட வண்டி நெரிசலாம்” என்று அண்ணன் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

“அதுக்குள்ள நான் கொல்லையில கை கால் கழுவி ஒளு செஞ்சுட்டு வாரேன்” என்றாள் ஹுமைரா.

கொல்லையில் உம்மாவின் அம்மி அப்படியே இருந்தது. சிமெண்டு வைத்துப் பதித்ததால் பெயர்க்க முடியவில்லை. மிக்ஸி வந்த வீட்டில் அதன்மேல் செருப்புக் காய்ந்துகொண்டிருந்தது. ஹுமைரா செருப்பைத் தட்டிவிட்டாள். தண்ணீர் தெளித்தாள். முற்றத்து மணலை ஒரு கை அள்ளிப் போட்டாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பதக்கத்தை எடுத்து, ராஜா முகம் கல்லில் படும்படி கவிழ்த்து வைத்தாள்.

பிறகு அரைத்தாள்.

முதல் இழுப்பு நவ்ஷாதுக்காக. இரண்டாவது உடைந்த கண்ணாடிக்காக. அதற்குப் பிறகு கணக்கு இல்லை. வறட் வறட் என்று அந்தச் சத்தம் ஹால்வரைக்கும் கேட்டது. “யாரு, உம்மு ஹபீபாவா மசாலா அரைக்குது? அம்மி மசாலான்னாலே தனி ருசிதான்” என்று உள்ளே ஒரு பெரியவர் சொல்வது அவளுக்குக் கேட்டது. மிக்ஸிக்குக்கூடக் கை நோகும் என்கிற உம்மு ஹபீபா மாடியில் கொத்தனாருக்கு இடம் காட்டிக்கொண்டிருந்தாள்.

அடிமேல் அடி அடித்தால் அம்மியே நகரும் என்பார்கள். ராஜா எம்மாத்திரம்? திருப்பிப் பார்த்தாள். மூக்கு போயிருந்தது. இன்னும் கொஞ்சம் அரைத்தாள். தாடி போனது, கண் போனது. கடைசியில் வெண்கலம் புது நிறத்தில் மொழுமொழுவென்று சிரித்தது. அங்கே தலை இருந்தது என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். விளிம்பில் மட்டும் அவள் கல்லைப் படவிடவில்லை. சீனி முகம்மதின் பெயரில் ஓர் எழுத்துக்கும் சேதமில்லை. கை எரிந்தது. மனது குளிர்ந்தது. ஒன்பது வருஷத்தில் அன்றைக்குத்தான் அவள் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. பதக்கத்தைத் துணியில் பொதிந்துகொண்டு ஒளு செய்துவிட்டு எழுந்தாள்.

ஏஜெண்டு வந்துவிட்டார். யோகேஸ்வரன் என்று பெயர். சென்னையில் பழைய நாணயம், பதக்கம் வாங்கி விற்கிறவர். ஃபாத்திஹா முடிந்தது. ஹுமைரா துணியோடு தட்டில் வைத்து அண்ணனிடம் நீட்டினாள். அவர் சபையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஈரச் சிரிப்போடு வாங்கி ஏஜெண்டிடம் கொடுத்தார். யோகேஸ்வரன் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு துணியை விலக்கினார். கப்பல் மேலே இருந்தது.

“அடடா! என்ன அழகு!” என்றார். “இது வார்த்தது இல்லீங்க ஐயா. எஃகில் அச்சு வெட்டி, பெரிய மெஷினில் வச்சு அழுத்தி எடுத்தது. லட்சக்கணக்கில் அடிச்சாங்க. ஆனா விளிம்பைப் பாருங்க, பேரை மட்டும் ஆளுக்கு ஆள் தனித்தனியா எழுத்துக் கோத்துப் பதிச்சிருக்காங்க. வெள்ளிப் பதக்கம் ஊரெல்லாம் கிடைக்கும். கப்பல்காரங்களோட இந்த வெண்கலம், அதுவும் நம்ம ஊர் ஆள் பேரோட, தேடினாலும் கிடைக்காது.”

காதர் மைதீனின் சிரிப்பு காதைத் தொட்டது.

யோகேஸ்வரன் பதக்கத்தைத் திருப்பினார்.  லென்ஸை எடுத்து வைத்துப் பார்த்தார். லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். “தலை எங்கே?” என்றார், பிணத்தைப் பார்த்தவர் மாதிரி.

“தலையா?” காதர் மைதீன் பிடுங்கிப் பார்த்தார். முகம் வெளுத்துப் பிறகு கறுத்தது. பதக்கத்தைத் தட்டில் எறிந்தார். “ஏ ஹுமைரா, என்ன செஞ்ச? என்ன காரியம் செஞ்ச நீ?”

“தேய்ச்சுட்டேன் காக்கா. உம்மா அம்மியில.”

“பாவி! இதோட வெலை என்னன்னு தெரியுமா ஒனக்கு?”

“தெரியுமே. பத்துக் காசு பெறாதுன்னு நீங்கதான சொன்னீக?”

ஒரு பெரியவர் இருமினார், சிரிப்பை மறைக்கிற இருமல்.

ஹுமைரா குரலை உயர்த்தவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி மட்டும் பேசினாள். “இது ஒங்க வீட்டுக்குள்ள வாற பொருள். உருவம் இருக்கிற வீட்டுக்கு மலக்குமார் வர மாட்டாகன்னு இதே ஹால்ல, இதே பெரியவுக முன்னாடி நீங்கதான் சொன்னீக. என் மாப்பிள்ளை படத்த நீங்க எறக்குனப்ப நான் திரைக்குப் பின்னால இருந்தேன். கேட்டுப் படிச்சுக்கிட்டேன். இங்கிலீஷ்கார ராஜா மூஞ்சிக்காக ஒங்க வீட்டுக்கு மலக்குமார் வராமப் போகலாமா? அதான் எடுத்துட்டேன்.”

“ஹஸ்ரத்து, நீங்களே கேளுங்க இந்த அநியாயத்த! காசுலகூட உருவம் இருக்குதானே?” என்றார் காதர் மைதீன். குரல் உடைந்திருந்தது.

 ஹஸ்ரத்தின் பார்வை தட்டிலிருந்து சுவருக்குப் போனது. பொன்னாடைப் படத்தில் நின்றது. மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தலையைத் திருப்பினார்கள். காதர் மைதீனும் கடைசியாகத் திரும்பிப் பார்த்தார்.

“அன்னைக்கு நீங்க சொன்னது நல்லா ஞாபகம் இருக்கு காதர் மைதீன்” என்றார் ஹஸ்ரத் மெதுவாக. “மார்க்கம் மார்க்கந்தான்னு சொன்னீங்க.”

அது போதும். ஜமாஅத்துக்குத் தலைவராக நிற்கிறவர், ஜமாஅத்தே உட்கார்ந்து பார்க்க, தானே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். கேடயம் வாங்குகிற தன் படத்தைத் தானே கழற்றி, சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார். கண்ணாடி உடையவில்லை. உடைந்திருந்தால்கூட ஹுமைராவுக்குக் கொஞ்சம் இரக்கம் வந்திருக்கும்.

யோகேஸ்வரன் கையுறையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். காதர் மைதீன் நாற்காலியிலேயே உட்கார்ந்து, “ஒன் தலையிலயும் நீயே மண்ண அள்ளிப் போட்டுக்கிட்டியே. ஒனக்கும் பாதி குடுத்திருப்பேன்” என்றார்.

“குடுத்திருப்பீக” என்றாள் ஹுமைரா. “இன்னொரு பவர் எழுதி வாங்கிக்கிட்டு.”

அவள் தட்டிலிருந்து பதக்கத்தை எடுத்தாள். நைந்து போன சிவப்பு பச்சை நாடாவைப் பிரித்து, பக்கத்து நாற்காலியில் ஏறி, நவ்ஷாத் அடித்த கோணல் ஆணியில் மாட்டினாள். கப்பல் வெளியே தெரியும்படி திருப்பிவிட்டாள்.

“இதுல உருவம் ஒண்ணும் இல்ல. கப்பல்தான். பூட்டனார் பேரும் இருக்கு. இனிமே மலக்குமார் தாராளமா இந்த வீட்டுக்கு வரலாம்” என்றவள், அண்ணன் பக்கம் திரும்பினாள். “வந்தாகன்னா, இது யாரு வீடுன்னு கேப்பாக. அப்ப பதில் சொல்றதுக்கு ரெடியா இருங்க காக்கா.”

 ஹஸ்ரத் தலை குனிந்துகொண்டார். ஹுமைரா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, மகளுக்குப் போன் போட்டு உலை வைக்கச் சொல்லிவிட்டு, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். தேர்தலில் காதர் மைதீன் நிற்கவில்லை. அந்த வீட்டுக்குப் போகிறவர்கள் எல்லோரும் இப்போது முதலில் ஆணியைத்தான் பார்க்கிறார்கள், பிறகு அவர் முகத்தைப் பார்க்கிறார்கள். பதக்கத்தைக் கழற்ற அவருக்கு இன்னும் தைரியம் வரவில்லை.